மேல் படாத சேலை

"விரிக்காதம்மா. மடிப்போடயே காட்டு" என்றாள் அந்த அம்மா.

அதற்குள் நான் விரித்துவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வேலையைச் செய்கிற கைக்குக் காது கேட்காது. முகூர்த்தப் பட்டு என்று யார் வந்து நின்றாலும் என் கை பெட்டியைத் திறக்கும், சேலையை உதறும், முந்தியை எடுத்து விரல் அகலத்துக்கு மடிக்கும், என் தோளில் போடும். பிறகு நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி நிற்பேன். வந்தவர்கள் என்னைப் பார்க்க மாட்டார்கள், சேலையைப் பார்ப்பார்கள். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆவணி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் பட்டுக்கடையின் மூன்றாவது மாடியில் வேறு கூட்டம் இல்லை. சேலை அரக்கு நிறம், மாம்பழ நிறத்தில் பார்டர். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு, பாதமெல்லாம் வெடிப்பு. செருப்பைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். யாரும் விடச் சொல்லவில்லை.

முந்தியை எப்போதும்போல மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நான் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டர் எடுக்க ஐந்தாறு விநாடி ஆகும். எங்கள் மாடியில் ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. அந்த இருட்டில் என் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். சத்தமாக இல்லை. அடுத்த அறையில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னாள்.

"சங்கீதா."

வெளிச்சம் வந்தபோது அவள் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். முந்தி மடிப்பு எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது. கண்ணாடிதான் ஏமாற்றுகிறது என்று குனிந்து தோளையே நேராகப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. இடதுகைக்காரர்கள் மடித்தால் அப்படி விழும்.

எனக்கு இடதுகைப் பழக்கம் கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் தொடங்கும் சரித்திரம்

போன வாரம் இந்தத் தொடரில், நான் முதன்முதலில் லிப்டில் ஏறிப் பயந்த கதையை எழுதியிருந்தேன். சிரித்துச் சிரித்துக் கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. அந்த ஐந்து விநாடி இருட்டுக்குத் திரும்பப் போவதற்கு முன்னால் கொஞ்சம் ஊர்க்கதை சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் தைரியம் வர வேண்டும்.

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பல்லவரில் தொடங்குவார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் தொடங்குகிறேன். உத்திரமேரூர் பஸ்ஸிலிருந்து என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே இறங்கியபோது எனக்கு ஏழெட்டு வயது. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க வந்திருந்தோம். பட்டு அல்ல, நடைபாதைக் கடையில் ஒரு கவுன்.

அப்போது பட்டுக்கடை என்று தனியாக ஒன்று கண்ணுக்குத் தெரியாது. வீடுதான் கடை. வாசல் குறுகல், உள்ளே போகப் போக நீளும். கூடத்தில் பாய் போட்டு மேலே வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். முதலாளி சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். பின்கட்டிலிருந்து தறிச் சத்தம் வரும். விடிகாலையில் தறிக்கான பாவு நூலைத் தெருவை அடைத்து நீட்டியிருப்பார்கள், சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். எங்களைப் போன்றவர்கள் அந்தப் பாயில் உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்று பார்த்ததோடு சரி.

பிறகு கண்ணாடிக் கதவு வந்தது. பாய் போய் நாற்காலி வந்தது, ஏசி வந்தது. ஒரு மாடி மூன்றானது, மூன்று ஐந்தானது. ஆந்திராவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கல்யாண வீட்டார் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். சாமி கும்பிட வந்தவர்களை ஆட்டோக்காரர்கள் கோயிலுக்கு முன்னால் கடைக்குத்தான் கொண்டுபோய் விட்டார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்து ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனார்கள். போகட்டும், நல்லதுதான். அதற்காக நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. ஆனால் ஐந்து மாடிக் கடையில் நிற்க ஆள் வேண்டுமே. அந்த ஆட்கள் கழனி ஊர்களிலிருந்து வந்தார்கள். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பெண்கள். நாங்கள்.

எங்கள் உத்திரமேரூரும் பாடப்புத்தகத்தில் இருக்கிற ஊர்தான். குடத்தில் ஓலை போட்டு அந்தக் காலத்திலேயே தேர்தல் நடத்திய ஊர் என்று வெளியூர்க்காரர்கள் வந்து கல்வெட்டைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நிலம் வைத்திருந்தவர்களின் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போகுமாம், அதுவும் அதே கல்லில்தான் வெட்டியிருக்கிறது. எங்கள் காலனியிலிருந்து ஒரு பெயரும் உள்ளே போயிருக்காது. பட்டுக்கடைக்கு ஆள் எடுக்க வேன் வந்தபோதுதான் எங்கள் பெயரை முதன்முதலாக வரிசையாக எழுதிக்கொண்டார்கள்.

நகரம் வளர்ந்தது, வளர்ந்தது என்கிறார்கள். எங்கள் கணுக்காலைக் கேட்டால் தெரியும். காலையில் நின்றால் கடை சாத்துகிறவரை நிற்க வேண்டும். விற்பனைப் பெண்கள் உட்கார ஸ்டூல் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் மாடிக்கு நாலு ஸ்டூல் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கி வைத்தோம். அடுக்கச் சொன்னது நான்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடை நிற்கிற இடத்தில் முன்னொரு காலத்தில் சாயக்காரர்களின் கிணறு இருந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றி அதில்தான் அலசுவார்களாம். அதை மண்ணடித்து மூடிவிட்டுத்தான் கட்டினார்கள். மழைக்காலத்தில் லிப்ட் குழிக்குள் தண்ணீர் ஊறும். வாட்ச்மேன் வாளியில் மொண்டு வெளியே ஊற்றுவார். தண்ணீர் இன்னும் அரக்கு நிறத்தில் வருகிறது என்பார். ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு நாலு மணி

சேலைக்கு மேல் நான் போடுகிற கடைக் கோட்டில் ஒரு பெயர் அட்டை குத்தியிருக்கும். ‘ஜெயராணி’ என்று கொட்டை எழுத்தில். அதன் கீழே சின்னதாக ‘இன்சார்ஜ்’. பெண்கள் எல்லாரும் ராணியக்கா என்பார்கள். மூன்றாவது மாடியில் யார் எப்போது சாப்பிடப் போவது, யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்பதெல்லாம் என் வாய்ச்சொல்தான்.

அந்த அட்டை கிடைத்த நாளில் நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை இதுதான்.

சங்கீதா எங்கள் மாடிக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். திருமுக்கூடல் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது, இடதுகைக்காரி. அவள் மடித்தால் முந்தி எப்போதும் எதிர்ப்பக்கம்தான் விழும். "கையை மாத்தி மடிடி" என்று நான் கத்தாத நாளில்லை. சிரிப்பாள். மாத்தி மடிப்பாள். நான் நகர்ந்ததும் மறுபடி பழையபடியே மடிப்பாள். சேலை அவள் மேலே விழுந்தால் மட்டும் வாங்க வந்தவர்கள் வேறு எதையும் கேட்க மாட்டார்கள். ஒரு நாளில் முப்பது கல்யாணப் பட்டு அவள் தோளில் ஏறி இறங்கும். அப்படி ஒரு அழகு. எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி. தீபாவளிக்கு நாலைந்து நாள் இருந்தது. மாடி கொள்ளாத கூட்டம். சாயங்காலம் நாலு மணி இருக்கும், அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நான் வூட்டுக்குப் போவட்டா? நிக்க முடியலக்கா."

என் இரண்டு கையிலும் சேலை. நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கைகூடக் காலி இல்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலி இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். தீபாவளி முடியட்டும், அப்புறம் பத்து நாள் வேண்டுமானாலும் படுத்துக்கொள் என்றேன். அதோடு விடவில்லை. வேர்வை பட்டில் படப்போகிறது, கழுத்தைத் துடைத்துக்கொள் என்றும் சொன்னேன்.

துடைத்துக்கொண்டாள். கடை சாத்தும்வரை நின்றாள். அடுத்த நாள் வரவில்லை. ஐந்தாம் நாள், தீபாவளியன்று, காய்ச்சலில் போய்விட்டாள் என்று போன் வந்தது. கொசுக் காய்ச்சல். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்த ஒரு நாள் எது என்று எனக்குத் தெரியும்.

சாவுக்குக் கடையிலிருந்து ஆறு பேர் மாலையோடு போனார்கள். நான் போகவில்லை. தலைவலி என்றேன். அவள் லீவு கேட்டாள் என்பதோ, நான் மறுத்தேன் என்பதோ யாருக்கும் தெரியாது. கேட்டவள் இல்லை. மறுத்தவள் வாயைத் திறக்கவில்லை. அப்படியே மூன்று வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஒரு பொய்

திரும்ப அந்த ஆவணி மதியத்துக்கு வருகிறேன். தோளிலிருந்து சேலையை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அந்த அம்மா தன் பெயர் அஞ்சலை என்றாள். சங்கீதாவின் அம்மா. நான் கேட்காமலே சொன்னாள். சின்னப் பெண் திவ்யாவுக்கு ஆவணி கடைசியில் கல்யாணம். அதற்கு முன் பெரியவளைக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமாகாமல் செத்த பெண்ணை அந்தக் குடும்பம் பூவாடைக்காரி என்று கும்பிடும். வீட்டில் நல்லது நடக்கும் முன் தண்ணீர்க்கரைக்குப் போய் அவளைக் கூப்பிட்டு, சொம்புத் தண்ணீரில் வைத்து வீட்டுக்கு அழைத்து வருவார்கள். புதுச்சேலை வைப்பார்கள். அந்தச் சேலை உயிரோடு இருக்கிற ஒருத்தி மேலும் பட்டிருக்கக் கூடாது. அதனால்தான் விரிக்காதே என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"மூணு வாட்டி கூப்ட்டோம். வரலம்மா" என்றாள் அஞ்சலை. "வராம தாலி கட்டக்கூடாதுன்றாங்க. மாப்ள வூட்ல ஒரே பேஜாரு, வேற பொண்ணு பாக்கறேன்றாங்க. தெனம் கல்யாணப் பட்டா மேல போட்டுக்கினு நின்ன பொண்ணு. இந்தக் கடை சேலதான் கேக்குறாளோ இன்னாவோன்னு வந்தேன். நீ அவள பாத்துகீறியாம்மா?"

நான் கிறிஸ்தவப் பெண். பேய், பூவாடை எல்லாம் சபையில் பேசக்கூடாத விஷயம். அதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வாய் தானாகப் பொய் சொன்னது.

"நான் அப்ப ரெண்டாவது மாடிக்கா. பேரு கேட்ட மாதிரி கீது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் நெஞ்சுக்கு நேராக ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

மேலே போட்டுவிட்டேன், இதே போல வேறு ஒன்று பிரிக்காமல் எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். வேண்டாம் என்றாள். "அவ இதத்தான் பாத்துட்டா" என்றாள். எங்கே நின்று பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சேலையையே வாங்கிக்கொண்டு போனவள், இரண்டு நாள் கழித்து அதே கடைப் பையோடு திரும்ப வந்தாள். பூசாரியைக் கேட்டாளாம். மேல் பட்ட சேலை சேராது, ஆனால் மேலே போட்டவளே வந்து தன் கையால் கொடுத்தால் சேரும் என்றாராம். உச்சிவேளைக்கு வந்துவிடு என்று நாளும் சொல்லிவிட்டுப் போனாள். வருவாயா என்று கேட்கவில்லை.

அன்றிரவிலிருந்து எனக்கு அதே யோசனை. பூவாடைக்காரி வந்தால் சும்மா வர மாட்டாள். யார் மேலாவது இறங்குவாள். என்ன குறை, யார் மேல் கோபம் என்று பூசாரி கேட்பார். அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில் அவள் என் பெயரைச் சொன்னால்? நம்பிக்கை இல்லை என்று பகலில் சொல்லிக்கொள்வேன். முந்தி மடிப்பு ஞாபகம் வரும். போகாமல் இருந்துவிடலாம்தான். அப்படி இருந்தால் திவ்யாவின் கல்யாணமும் என் கணக்கில் சேரும்.

அந்த நாளுக்கு மேனேஜரிடம் லீவு கேட்டேன். காரணம்கூடக் கேட்காமல் கொடுத்துவிட்டார்.

உச்சிவேளை

செங்கல்பட்டு பஸ்ஸில் பழையசீவரத்தில் இறங்கிப் பாலாற்றுப் பாலத்தை நடந்து கடந்தேன். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் என்று பெயர். அன்று மூன்றுக்கும் சேர்த்து ஒரு கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. மீதியெல்லாம் மணல்.

அஞ்சலை வீட்டில் திவ்யாதான் டீ கொடுத்தாள். அக்காளின் ஜாடை துளியும் இல்லை. வலது கையால் டம்ளரை நீட்டி, "நாஷ்டா துன்னீங்களா?" என்று கேட்டாள். நல்ல பெண். பயந்து போயிருந்தாள். அந்தக் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்கிற பயம். இரண்டு பேருக்கும் வேறு வேறு பயம், ஒரே வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

உச்சிக்கு ஆற்றுக்குப் போனோம். பத்துப் பதினைந்து பேர் இருப்போம். திவ்யா ஈரப் புடவையில் முன்னால் நடந்தாள். நிழல் எல்லாருக்கும் காலடிக்குள் ஒடுங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் மணலில் எங்கள் நிழலே இல்லை, ஆட்கள் மட்டும் நடந்து வருகிறார்கள். காக்கை சத்தம்கூடக் கிடையாது. சீமைக்கருவேல மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

பூசாரி சொம்பில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு, ஒரே ஒரு மல்லிகைப் பூவை அதில் மிதக்கவிட்டுத் திவ்யாவின் கையில் கொடுத்தார். பூ தானாகத் தண்ணீருக்குள் இறங்கினால் பெண் வந்துவிட்டாள் என்று அர்த்தம். முந்தின மூன்று முறையும் பூ மிதந்துகொண்டே இருந்ததாம்.

உடுக்கை அடித்துக் கூப்பிட்டார். பூ மிதந்தது. மறுபடி கூப்பிட்டார். உள்ளங்கால் சுட்டது. பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். திவ்யாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவளுடைய அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். அழுத்தமாகத் தள்ளினாள்.

சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு திவ்யாவின் முன்னால் போய் நின்றேன்.

அவள் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை, குனிந்திருந்தேன். கையைத்தான் பார்த்தேன். சொம்பை வலது பக்கம் இடுப்பில் இடுக்கிக்கொண்டு இடது கையை நீட்டினாள். சேலையின் முந்தியைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு மடிப்பு வைத்தாள். இரண்டாவது வைத்தாள். விரல் அகலம், துளி பிசகில்லை. மடிப்பு எதிர்ப்பக்கம் விழுந்தது.

என்ன வேண்டும் தாயே என்று பூசாரி கேட்டார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. கழுத்தில் வேர்வை. கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் வூட்டுக்குப் போவட்டா? நிக்க முடியலக்கா."

கோபம் இல்லை. என் பெயரைச் சொல்லவில்லை, குற்றம் சொல்லவில்லை. அன்றைக்குக் கேட்ட அதே குரல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று முறை இவர்கள் கூப்பிட்டும் இந்தப் பெண் வராதது கோபத்தால் இல்லை. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜன்னல் இல்லாத அந்த மூன்றாவது மாடியில், சுவரோரம் அடுக்கிய ஸ்டூல்களுக்குப் பக்கத்தில், இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். நான் விடவில்லை.

கடையில் யாரையும் அனுப்பும்போது ‘போயிட்டு வா’ என்போம். எங்கேயும் அப்படித்தான். ‘போ’ என்று மட்டும் சொல்லி ஒருவரை அனுப்புவது எழவு வீட்டுப் பேச்சு. வாய் வரைக்கும் அந்த ‘வா’ வந்தது. சொன்னால் திரும்ப வந்துவிடுவாளே, அந்த மாடிக்கே வந்துவிடுவாளே என்று தோன்றியது. விழுங்கினேன்.

"போம்மா. வூட்டுக்குப் போ" என்றேன்.

காற்று இல்லை. சொம்பை யாரும் ஆட்டவில்லை. மல்லிகை அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது.

திவ்யா வீட்டைப் பார்த்து நடந்தாள். நடந்தாள் என்பதைவிட வீட்டுக்குப் போனாள் என்று சொல்ல வேண்டும். முள்ளையும் பார்க்கவில்லை, சூட்டையும் பார்க்கவில்லை. சொம்பிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எங்களால் கூடவே போக முடியவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். அக்கா என்று அவள் யாரைச் சொன்னாள் என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி செத்தவளுக்கு எல்லாரும் ஒன்றுதான் என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டுக்குள் சங்கீதாவாக நிறுத்தி வைத்த, மஞ்சள் பூசிய மனைப்பலகைக்குச் சேலை கட்டும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். கொசுவம் வைத்தேன், முந்தி மடித்தேன். சரியான பக்கம் விழுந்தது. என் கை எனக்குத் திரும்ப வந்துவிட்டது. எனக்கு அது தாங்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று வருஷத்தில் அவளுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. மூலையில் திவ்யா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்தபோது அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கால் ஏன் இப்படி வலிக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

பஸ் ஏற்றிவிட அஞ்சலை என்னோடு வந்தாள். பாலத்தைக் கடந்தோம். நிறுத்தத்தில் இரண்டு பேரும் வேப்பமர நிழலில் நின்றோம். இனி கல்யாணம் நடக்கும். என் பெயரும் வெளியே வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். இருந்தது.

"அன்னிக்கி நாலு மணிக்கு எனக்குப் போன் பண்ணா" என்றாள் அஞ்சலை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ராணியக்காவ கேட்டேம்மா, வுட மாட்டேன்னுட்டாங்கன்னா. சரி நில்லுடி, ராத்திரிக்கு ரசம் வெச்சித் தரேன்னேன் நானு."

திவ்யாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரிந்திருந்தால், ஆற்றில் அந்த வார்த்தையை அவளே தன் வாயால் சொல்லியிருக்கலாம் அல்லவா. எனக்கு அப்படி ஒரு காரணம் தேவைப்பட்டது.

"யாருக்கும் தெரியாது. அவ நைனாகிட்ட கூட சொல்லல" என்றாள். "சொன்னா கடைக்கு வந்து உன்ன வெட்டியிருப்பாரு. அப்பால சின்னவளுக்கு யார் கீறாங்க."

பிறகு என் நெஞ்சுக்கு நேராக, அன்றைக்குக் கடையில் பார்த்த அதே இடத்தைப் பார்த்தாள். அன்று அங்கே அட்டை இல்லை, சாதாரண உடுப்பில் போயிருந்தேன். ஆனாலும் நான் முந்தியை இழுத்து மூடிக்கொண்டேன்.

"ஒரு வார்த்த. இன்னிக்கி சொன்னத அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாம்மா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. எட்டி நின்று கையைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்தினாள். என் பையை வாங்கிப் படியில் வைத்தாள். நான் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

"போயிட்டு வரேங்க்கா" என்றேன்.

"போ" என்றாள்.